செல்ஃப் அடித்தும் வண்டி பிடிக்கவில்லையா? சத்தத்திலிருந்து தொடங்குங்கள்

மூன்று மாத இடைவெளியில் என் பழைய பெட்ரோல் காருக்குப் புது பேட்டரி ஒன்றும் புது செல்ஃப் மோட்டார் ஒன்றும் போட்டேன். இரண்டும் போட்ட பிறகும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரே சத்தம்தான். சில நாள் நாலாவது தடவையில் எடுக்கும். சில நாள் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். கடைசியில் அகப்பட்டது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, அதாவது கரண்ட் பேட்டரியின் மைனஸ்ஸுக்குத் திரும்பும் பின்னல் ஒயர், ஒரு முழம்கூட இருக்காது. மேலே பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. போல்ட்டைக் கழற்றியதும் அடியில் பாசி நிறத்தில் பொடி உதிர்ந்தது. பின்னலை விரலால் வளைத்தேன், நரநரவென்று நொறுங்கிப் பாதி இழைகள் கையோடு வந்துவிட்டன. முந்நூறு ரூபாய்கூட ஆகாத சாமான்.

அதற்கப்புறம்தான் ஒரு வரிசை வைத்துப் பார்க்கப் பழகினேன். வண்டி எடுக்கத் திணறும்போது "பேட்டரியா இருக்கும்", "பிளக்கா இருக்கும்" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாமே இருக்கலாம்தான். ஆனால் ஒவ்வொன்றையும் காசு கொடுத்து மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு கேள்வி கேட்டால் சந்தேகப்பட்டியலில் பாதி அழிய வேண்டும், அடுத்த கேள்வியில் மீதியில் பாதி அழிய வேண்டும். புதிதாகக் கார் வாங்கியவர்கள், பானெட்டைத் திறக்கவே தயங்குகிறவர்கள், இவர்களை நினைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நூறு, இருநூறு ரூபாய்க்கு எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும், 10 நம்பர் ஸ்பேனர் ஒன்றும் கையில் இருந்தால் போதும்.

முதல் கேள்வி: சுற்றுகிறதா, இல்லையா?

எஞ்சின் சுற்றுவது வேறு, பிடிப்பது வேறு. செல்ஃப் மோட்டார் பேட்டரியின் பலத்தில் எஞ்சினைச் சுற்றிவிடுகிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று. அந்தச் சுற்றில் காற்றும் எரிபொருளும் உள்ளே போய், பெட்ரோல் என்றால் பிளக்கில் பொறி வந்து, எஞ்சின் சொந்தக் காலில் ஓட ஆரம்பிப்பதுதான் பிடிப்பது. ஸ்டார்ட் ஆகாத எந்த வண்டியும் இந்த இரண்டில் ஒன்றில்தான் நிற்கிறது. இரண்டுக்கும் காரணங்கள் முற்றிலும் வேறு. சுற்றவே இல்லாத வண்டிக்கு பிளக் மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. நன்றாகச் சுற்றும் வண்டிக்குப் பேட்டரி மாற்றுவதும் அப்படித்தான்.

ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். காதில் விழுவது என்ன என்று பாருங்கள்.

டேஷ்போர்டு விளக்கே எரியாமல் முழு அமைதி என்றால் பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டது, அல்லது பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை (டெர்மினல்) கழன்றிருக்கிறது.

விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது, திருப்பினால் மட்டும் ஒரு சத்தமும் இல்லை என்றால் செல்ஃபுக்குக் கட்டளையே போகவில்லை.

'டகடகடக' என்று வேகமான தட்டல் கேட்டு, கூடவே டேஷ்போர்டு விளக்கு மங்கி மங்கி வந்தால் பெரும்பாலும் பேட்டரி டவுன்.

ஒரே ஒரு 'டொக்', அப்புறம் ஒன்றுமில்லை என்றால் செல்ஃபின் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதிய கரண்ட் சேரவில்லை. கேபிள், எர்த், அல்லது மோட்டாரே காரணமாக இருக்கலாம்.

களைத்துப்போனவர் மாடிப்படி ஏறுவதுபோல் மெதுவாக, ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று நின்று சுற்றினால் கரண்ட் வருகிறது, போதவில்லை.

வழக்கமான வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மட்டும் இல்லை என்றால் எரிபொருள், பொறி, சென்சார் பக்கம் போக வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று ஒரே சீராகச் சுற்றினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம். பல எஞ்சின்களில் அந்த நிலையில் சுற்றச் சுற்ற பிஸ்டன் வால்வில் மோதும். அது டோ வண்டி கூப்பிட வேண்டிய வேலை.

எந்த நிலையிலும் செல்ஃபை ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது விட்டு அடுத்த தடவை. செல்ஃப் மோட்டார் சில நொடி வேலைக்காகச் செய்யப்பட்டது. ஆத்திரத்தில் விடாமல் அடித்தால் மோட்டாரும் சூடாகும், நல்ல பேட்டரியும் இறங்கிவிடும். அப்புறம் ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிடும்.

பானெட்டைத் திறக்கும் முன்

கட்டளையே போகவில்லை என்ற சந்தேகம் வந்தால் முதலில் இவற்றைப் பாருங்கள். இன்றைய மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்ச்சை அடிவரை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். கால் மிதியடி கிளட்ச் பெடலுக்குக் கீழே சுருண்டு கிடந்தாலே சுவிட்ச் அழுந்தாது. ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி' அல்லது 'என்'-னில் இருக்க வேண்டும், பிரேக் மிதித்திருக்க வேண்டும். 'பி'-யில் எடுக்காமல் 'என்'-னில் எடுத்தால் கியர் சுவிட்ச்தான் கோளாறு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் "சாவி இல்லை" என்று காட்டினால் சாவியின் உள்ளே இருக்கும் சிறு வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பல கார்களில் சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்ட வைத்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும். சரியான இடம் எது என்று மேனுவலில் போட்டிருக்கும். டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விட்டுவிட்டு மினுங்கினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. அப்போது எஞ்சின் சுற்றும் ஆனால் பிடிக்காது, அல்லது பிடித்து ஓரிரு நொடியில் நின்றுவிடும். இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் முள்ளையும் ஒருமுறை பாருங்கள். சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்கள் முக்கியமாக. பெரும்பாலான சிஎன்ஜி கார்கள் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகி அப்புறம் கேஸுக்கு மாறும். கேஸில்தானே ஓட்டுகிறோம் என்று பெட்ரோல் டேங்கை வற்ற விட்டால் காலையில் எடுக்காது. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்.

பேட்டரி: யூகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள்

நம் ஊரில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். குளிர் நாட்டில் பனி பேட்டரியைப் படுக்க வைக்கும் என்றால், இங்கே வெயில் அதை மெல்ல மெல்லத் தின்கிறது. பானெட்டுக்குள் கோடைச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, உள்ளே தகடுகள் அரிக்கப்படும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரி என்றால் சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஐந்து வருடம் ஆகிவிட்டால் பெரும்பாலும் கடன் வாங்கிய நாட்கள்தான்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, எல்லாம் அணைந்திருக்கும்போது, சிவப்பு முனை பிளஸ்ஸிலும் கறுப்பு மைனஸ்ஸிலும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் காலிதான். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும். அப்போது ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளக்கலாம்.

ஆனால் இந்த ஓர் அளவை மட்டும் நம்பி விடாதீர்கள். சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரிகூடச் செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்டதும் பொத்தென்று விழும். அதனால் இரண்டாவது அளவுதான் உண்மையைச் சொல்லும். மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றும் நேரத்தில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. வண்டி எடுத்துவிட்டால் மூன்றாவது அளவு: எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12.5-லேயே நின்று மெல்ல இறங்கினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவி) சார்ஜ் செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் அதுவும் படுத்துவிடும். புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் தேவையைப் பார்த்து வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

டெர்மினல்களைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சமாவது அசைந்தால் அதுதான் கோளாறு. வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் என்று கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். அந்த உப்பு அமிலத்தோடு சேர்ந்தது, கண்ணில் பட விடாதீர்கள். ஈயக்கம்பம் பளபளவென்று தெரியும்வரை உப்புத்தாளால் உரசி, மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் மறுபடி பூப்பது குறையும்.

பேட்டரி மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிக்னலில் தானாக அணைந்து எடுக்கும் வசதி உள்ள கார்களுக்குத் தனி வகைப் பேட்டரி. விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி போட்டால் சீக்கிரமே போய்விடும்.

நல்ல பேட்டரி, ஆனாலும் 'டொக்'

என் வண்டி நின்ற இடம் இதுதான். பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கே தடுக்கிறது என்று பார்ப்பது மெக்கானிக்குகளிலும் பலர் செய்யாத சோதனை, ஆனால் இரண்டு நிமிட வேலை.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம். இன்னொரு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத வெறும் உலோகத்தில் அழுத்துங்கள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதாவது செல்ஃபுக்குப் போக வேண்டிய 3 வோல்ட்டை அந்தச் சின்னப் பட்டையே விழுங்கிக்கொண்டிருந்தது. பிறகு பட்டையின் இரண்டு பக்கத்திலும் முனையை நகர்த்தி நகர்த்தி வைத்ததில் இடம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அதேபோல் பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே அளக்கலாம். அங்கே அரை வோல்ட்வரை பரவாயில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்வேன்.

எர்த் சந்தேகத்தை மீட்டரே இல்லாமலும் பார்க்க வழி உண்டு. ஜம்பர் கேபிளின் கறுப்பு ஒயரை எடுத்துப் பேட்டரி மைனஸ்ஸிலிருந்து நேராக எஞ்சின் உலோகத்துக்குப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். சட்டென்று எடுத்தால் எர்த்தான்.

இரண்டு பக்கமும் சரி, செல்ஃபின் போல்ட்டில் முழு வோல்ட்டேஜ் வந்து நிற்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் மோட்டாரே கோளாறு. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் சில சமயம் எடுக்கும். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீடு வந்து சேர அது உதவும். அன்றைக்கே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பிரஷ் மட்டும் மாற்றித் தருகிற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஊருக்கு ஒருவராவது இருப்பார், முழு மோட்டாரும் வாங்கத் தேவையில்லை.

ஜம்ப் ஸ்டார்ட்

வரிசை மாறினால் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு எரியக்கூடியது என்பதால் இதில் மட்டும் அவசரம் கூடாது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல், எஞ்சின் அணைந்த நிலையில் நிற்க வேண்டும். சிவப்பு ஒயரின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். அடுத்து கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். கறுப்பின் மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அதற்குத் தள்ளி எஞ்சினின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓட விட்டு, அப்புறம் மற்றதை எடுங்கள். எடுத்ததும் மாட்டியதற்கு நேர்த் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்.

தள்ளி எடுப்பது மேனுவல் கியருக்கு மட்டும். சாவி ஆனில், இரண்டாவது கியரில், கிளட்ச் மிதித்தபடி வேகம் வந்ததும் விட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் வேண்டவே வேண்டாம். சுற்றுவது நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியையும் தள்ளாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய்ச் சேர்ந்து, பிறகு அங்கே எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இனி பெட்ரோல் வண்டி. சாவியை ஆனில் மட்டும் வைத்து, செல்ஃப் அடிக்காமல், பின் சீட் பக்கம் காது கொடுங்கள். இரண்டு நொடிக்கு 'ஹ்ம்ம்' என்று மெல்லிய முனகல் கேட்டு நிற்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. சில புது மாடல்களில் டிரைவர் கதவைத் திறக்கும்போதே அது ஓடிவிடும், எனவே கதவைத் திறக்கும் கணத்திலும் கவனியுங்கள். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பம்ப்பின் ஃபியூஸைப் பாருங்கள். மூடியின் உட்புறம் எது எதற்கு என்று படம் இருக்கும். அடுத்து ரிலே, அதே பெட்டியில் இருக்கும் சிறு மின் சுவிட்ச். ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே எண் உள்ளதாக இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வண்டி எடுத்து ஹார்ன் அடிக்காமல் போனால் கோளாறு கையில் சிக்கிவிட்டது.

பம்ப் ஓடுகிறது, ஆனால் காலையில் மட்டும் நீண்ட நேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது. இந்தப் புகாரைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். இதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு. சாவியை ஆனில் வைத்து மூன்று நொடி, ஆஃப், மறுபடி ஆன், ஆஃப். இப்படி மூன்று முறை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒரே தட்டில் எடுத்தால், இரவில் பெட்ரோல் லைனின் அழுத்தம் கசிந்துவிடுகிறது என்று அர்த்தம். பம்ப்பில் உள்ள வால்வு பிடிக்கவில்லை, அல்லது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஏதோ ஒன்று சொட்டுகிறது. பிளக்கும், அதற்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலும் தப்பித்துக்கொண்டன.

ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் மட்டும் எடுக்கிறது, விட்டால் அணைகிறது என்றால் த்ராட்டில் பாடியில், அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு உள்ள பகுதியில், கரி படிந்திருக்கும். எஞ்சின் நிதானமாக ஓடுவதற்கு வேண்டிய சொற்பக் காற்று அந்தத் தட்டின் ஓர இடைவெளி வழியாகத்தான் போகிறது. கரி அதை அடைத்துவிடும். அதற்கென்று விற்கும் கிளீனரால் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகின்றன. பெரியவர்கள் "ரெண்டு மிதி மிதிச்சிட்டு எடு" என்பார்கள். அது அம்பாசடர், ஆரம்பகால மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளுக்குச் சரியான யோசனை. அவற்றில் பெடலை மிதித்தாலே பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது, சாதாரணமாகக் கால் வைக்கவே தேவையில்லை.

பலமுறை அடித்துப் பார்த்து, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் நாற்றம் அடித்தால் பிளக்குகள் நனைந்துவிட்டன. ஆக்ஸிலரேட்டரை முழுசாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டே சில நொடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், சிலிண்டர் உலரும். அதிகம் சுற்றியும் பெட்ரோல் வாசமே இல்லை என்றால் பெட்ரோல் வரவில்லை. மூக்கு இங்கே நல்ல கருவி.

பிளக் கழற்றத் தெரிந்தால் அதன் நுனி நிறையச் சொல்லும். இளம் பழுப்பு என்றால் ஆரோக்கியம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரம் என்றால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எஞ்சினுக்குள்ளேயே வேலை இருக்கிறது. ஆனால் பழைய பழக்கத்தில் பிளக்கைக் கையில் பிடித்துப் பொறி பார்க்காதீர்கள். இன்றைய காயில்களில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும். பக்கத்தில் பெட்ரோல் ஆவியும் இருக்கும்.

அடுத்து, எப்போது திணறுகிறது என்பது. குளிர்ந்த எஞ்சின் மட்டும் திணறினால் கூலன்ட் வெப்ப சென்சாரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். அது "எஞ்சின் சூடாக இருக்கிறது" என்று தவறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். நெடுந்தூரம் ஓட்டி, டீ குடிக்க நிறுத்தி, இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் எடுக்கவில்லை, அரைமணி ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எடுக்கிறது என்றால் எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் முதல் சந்தேகம். எஞ்சின் சூட்டில் அதன் உள்சுருள் தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் முள் கொஞ்சம் எழும்ப வேண்டும், அசையாமல் பூஜ்யத்தில் படுத்திருந்தால் சந்தேகம் பலமாகிறது.

டீசல் என்றால்

புகையைப் பாருங்கள். சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. குளிர்ந்த எஞ்சினில் டீசல் எரிவதற்காகச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள். சென்னை வெயிலில் அவை போனாலும் வண்டி ஓரளவு சமாளித்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு ராத்திரி நிறுத்தினால் காலையில் குட்டு வெளிப்படும். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்துதான் செல்ஃப் அடிக்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டேங்க் வற்றி ஓட்டியதால் குழாயில் காற்று அடைத்த ஏர் லாக், அடைத்த ஃபில்டர், அல்லது ஃபில்டரில் தண்ணீர். ஃபில்டருக்குமேல் கைப்பம்ப் உள்ள வண்டிகளில் அது கெட்டியாகும்வரை அழுத்தினால் காற்று வெளியேறும். ஃபில்டரின் அடியில் திருகு இருந்தால் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை தண்ணீரை வடித்துவிடுங்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) உயர் அழுத்தக் குழாயின் நட்டை மட்டும் நீங்கள் தளர்த்தவே கூடாது. அங்கே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எலியும் வெள்ளமும்

சில நாள் நின்ற வண்டி திடீரென்று எடுக்காமல், செக் எஞ்சின் விளக்கும் எரிந்தால் டார்ச்சை எடுத்து எஞ்சினின் பின்பக்கம், பேட்டரித் தட்டின் அடி, ஏர் ஃபில்டர் பெட்டி ஆகிய இடங்களைப் பாருங்கள். புழுக்கையோ நார்க் குப்பையோ இருந்தால் எலி குடியேறியிருக்கிறது. இன்ஜெக்டருக்கும் சென்சாருக்கும் போகும் மெல்லிய ஒயர்கள்தான் அதற்குப் பிடித்தவை. கடித்த இடத்தில் செம்பு மின்னும். ஒட்டுப்போட்டு டேப் சுற்றுவதோடு விட்டால் மழைக்காலத்தில் மறுபடி நிற்கும். சால்டர் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி என்றால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் "எடுக்கிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் அப்போது செய்யக்கூடிய மிக மோசமான காரியம். தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அனுப்புங்கள். எஞ்சினுக்கென்று கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு, தண்ணீருக்குப் பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பணம் கிடைப்பதும் கடினம்.

இரவில் இறங்கும் பேட்டரி

பேட்டரி நல்லது, சார்ஜும் ஏறுகிறது, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் டவுன். எதுவோ திருட்டுத்தனமாகக் கரண்ட் இழுக்கிறது. மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணையுங்கள். கதவுகளை மூடி, அரைமணி காத்திருங்கள், காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அவ்வளவு நேரம் வேண்டும். அதற்கப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. கூடினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு இறங்குகிறதோ அந்த லைனில்தான் கசிவு. பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, ஜிபிஎஸ், கேமரா ஆகியவற்றில்தான் பெரும்பாலும் முடியும். மீட்டர் இணைத்திருக்கும்போது செல்ஃப் மட்டும் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

ஸ்கேனரும் மெக்கானிக்கும்

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த கார்கள் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும், காரின் கம்ப்யூட்டரோடு பேசும் இணைப்பு அது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் அடாப்டரை மாட்டி, கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் போனில் பார்க்கலாம். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, பி0340 கேம் சென்சார் சுற்று. சுற்று என்றால் ஒயரும் கனெக்டரும் சேர்த்துத்தான். குறியீடு வந்தவுடன் சென்சார் வாங்கிவிடாமல் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று. குறியீடே இல்லாவிட்டாலும் ஸ்கேனர் பயன்படும். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காலை 27 டிகிரியில் கூலன்ட் மட்டும் 60 என்று காட்டினால் அந்த சென்சார் பொய் சொல்கிறது.

இதற்கு மேல் உங்களால் முடியாது என்று தோன்றினால் மெக்கானிக்கிடம் போங்கள், ஆனால் "ஸ்டார்டிங் டிரபிள்" என்ற இரண்டு சொல்லோடு போகாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: சுற்றுகிறது அல்லது சுற்றவில்லை, காலையிலா, சூட்டிலா, சாவியை மூன்று முறை ஆன் செய்தால் எடுக்கிறதா, நிற்கும்போது, சுற்றும்போது, ஓடும்போது பேட்டரி வோல்ட்டேஜ் எவ்வளவு, எர்த் சோதனையில் வந்த அளவு, கடைசியாக என்ன மாற்றினீர்கள், எப்போது. நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததும் நேராக இடத்துக்குப் போவார். சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுபோவதும் நல்லது. கடைக்குப் போனதும் ஒரே தட்டில் எடுத்துவிடுவது இந்த வகைக் கோளாறுகளின் வழக்கம். முடிந்தால் முதல்நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் காலை அவரையே முதல் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.